வலப்பக்கத்துச் சீட்டு

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் படியேறுகிறவர் ஒன்றும் வாங்காமல் இறங்கிப் போய்விட்டால், வெள்ளைச்சாமி அண்ணாச்சியின் பக்கம் அன்றைக்கு யாரும் தலைவைத்துப் படுக்க முடியாது. காபி குடிக்கமாட்டார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வாசலையே முறைத்துக்கொண்டிருப்பார். உஸ்மான் ரோட்டில் உள்ள அவருடைய ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். வந்தவர் சும்மா வழி கேட்க வந்தவராக இருந்தால்கூட, அடக்க விலைக்கும் கீழே ஒரு கைக்குட்டையையாவது அவர் தலையில் கட்டிப் போணி பண்ணித்தான் அனுப்புவார்கள்.

இப்படிப்பட்ட மனிதர்தான், ஒரு ஆவணி வெள்ளிக்கிழமை, இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு! ஏன் அண்ணாச்சி என்று கேட்டால் "கடைக்கு விளம்பரம்" என்பார். நம்பாதீர்கள். உண்மையான காரணம் அவருடைய தம்பி பெண்டாட்டி ஜெயபாரதிக்குத்தான் தெரியும்.

ஜெயபாரதி திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து தியாகராய நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எட்டொன்பது வருஷமாகிறது. குறை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கணவனின் அண்ணன் வெள்ளைச்சாமி, அவளுக்கு 'அத்தான்', அதட்டுவாரே தவிர நல்லவர். அவருடைய மனைவி பங்கஜம் கூடப்பிறந்த அக்காவைப் போல. கணவன் சண்முகவேலும் தங்கமான ஆள்தான். என்ன, அந்தத் தங்கத்தைத் தனியாகப் பார்க்கத்தான் வாய்ப்பில்லை. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் கடை வேனில் எல்லோரும் அடைந்துகொண்டுதான் போவார்கள். சினிமாவுக்குப் போனால் ஒரே வரிசையில் ஆண்கள் அந்தக் கோடி, பெண்கள் இந்தக் கோடி, நடுவில் பிள்ளைகள். திரையில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் சண்முகவேல் சிரிக்கிற சத்தம் எங்கோ தூரத்திலிருந்து கேட்கும். அவனோடு ஒரே ஒரு தடவை, வேறு ஒருவரும் இல்லாமல், வெயிலும் காற்றுமாக ஊருக்குள் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதையும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வீடே சிரிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மவுண்ட் ரோட்டில், தேனாம்பேட்டைப் பக்கம் இருந்த பொன்னி மோட்டார்ஸுக்கு அவர்கள் நாலு பேரும் கடை வேனில் வந்து இறங்கினார்கள். பொன்னி மோட்டார்ஸ் அம்பாசிடர் கார் விற்கிற கம்பெனி. வருஷக்கணக்காகக் காத்திருந்த பிறகு இவர்கள் முறை வந்துவிட்டதாகப் போன் வந்திருந்தது. மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம், மஞ்சள் பையில் பணம், எல்லாம் தயார். ஜெயபாரதிக்குக் கைராசி உண்டென்று வீட்டில் பேச்சு. பணத்தை அவள் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று கூட்டிவந்திருந்தார்கள்.

விற்பனையாளர் மிக்கேல் சாந்தோம்காரர். டை கட்டியிருந்தார். வரவேற்று உட்காரவைத்து, காபி வாங்கிக்கொடுத்து, அப்புறம்தான் கையைப் பிசைந்தார்.

"சார், மன்னிச்சுக்கணும். முறை வந்துடுச்சு, வண்டிதான் வரல. கல்கத்தாவுலேர்ந்து இன்னும் ரயில்லயே ஏத்தலையாம். இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆவும்போல கீது."

"வண்டி இல்லாம எதுக்குய்யா போன் பண்ணுனீரு?"

"முறை வந்தா சொல்லணும்னு ரூல் சார்."

வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வால சண்முகம், போவோம்."

சண்முகவேல் வரவில்லை. ஷோரூமின் பின்மூலையில் பழைய படுக்கை விரிப்பால் மூடியிருந்த எதன் பக்கமோ நின்றுகொண்டிருந்தான். விரிப்பின் ஒரு நுனி அவன் கையில் இருந்தது. அதற்குக் கீழே பளபளவென்று சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"அது நம்ம கம்பெனி வண்டி இல்ல சார்," என்றார் மிக்கேல், வீட்டு ரகசியம் வெளியே வந்துவிட்டவர் மாதிரி. "டிரையம்ப்னு வெளிநாட்டு வண்டி. ஒரு எஞ்ஜினியர் தொரை ஓட்டிக்கினு இருந்தாரு. கொழந்த பொறந்துச்சு, எங்க உக்காரவெக்கறது? எங்ககிட்ட குடுத்துட்டு அம்பாசிடர் எடுத்துக்கினு போயிட்டாரு. எட்டாயிரம் மைல்கூட ஓடல. வரி எல்லாம் கட்டி, நம்பர் போட்டு, பேப்பர் சுத்தமா கீது. வாங்கத்தான் ஆளு இல்ல. வர்றவங்கல்லாம், மீதிப் பேரு எங்கப்பா உக்காருவாங்கன்னு கேக்கறாங்க."

விரிப்பு முழுதும் விழுந்தது. ஜெயபாரதி பார்த்தாள். தாழ்வாக, நீளமாக, மேலே மடக்குகிற கேன்வாஸ் கூரையோடு ஒரு கார். அவள் கூரையையும் பார்க்கவில்லை, சிவப்பையும் பார்க்கவில்லை. சீட்டை எண்ணினாள். ஒன்று, இரண்டு. பின்னால் ஒரு பிள்ளையைத் திணிக்கக்கூட இடமில்லை. மறுபடியும் எண்ணினாள். இரண்டேதான்.

வெள்ளைச்சாமி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். மிக்கேல் பெருமூச்சு விட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "காலையில மொத ஆளா வந்தீங்க, ஒண்ணும் பண்ண முடியல," என்றார்.

அவ்வளவு போதும். ஜெயபாரதி பங்கஜத்தின் காதோரம் குனிந்தாள். குனிந்தாளே தவிரக் குரலைக் குறைக்கவில்லை.

"ஏக்கா, அப்ப இன்னைக்கு இந்தக் கடைக்கு நாமதான் மொத போணியா? வெள்ளிக்கெழம அதுவுமா, அத்தான் வெறுங்கையோடவா படியெறங்கப் போறாங்க?"

வெள்ளைச்சாமியின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

பாவம், அந்த மனிதருக்கு வந்த சோதனையை நினைத்துப் பாருங்கள். போணி பண்ணாமல் போன வாடிக்கையாளர்களை எத்தனை வருஷமாகத் திட்டியிருப்பார்! இப்போது அதே பாவத்தை அவரே இன்னொரு வியாபாரியின் கடையில் செய்ய வேண்டியிருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சின்னதா ஏதாச்சும் குடுமய்யா. ஒரு ஆரன், ஒரு துடைக்கிற துணி, எதுனாலும்."

"ஸ்பேர் பார்ட்ஸ் செக்‌ஷன் கிண்டியில கீது சார்."

"அப்ப இன்னொரு அம்பாசிடருக்கு எழுதிக்கிடும்."

"புது புக்கிங் நிறுத்திவச்சிருக்காங்க சார்."

"வேற என்னதான்யா விக்கீரு நீரு?"

மிக்கேல் மூலையைப் பார்த்தார். எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். சண்முகவேல் காரின் முகப்பைத் தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி எழுந்து போய், ஜவுளி பார்க்கிற மாதிரியே காரைப் பார்த்தார். கேன்வாஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்து, "நெசவு கெட்டி" என்றார். கதவில் எச்சில் தொட்டுத் தடவி, "சாயம் போவாதுல்லா?" என்று கேட்டார். "பெயின்ட் சார் அது" என்றார் மிக்கேல். பிறகு பேரம். அதில் அண்ணாச்சியை வெல்ல மிக்கேலால் முடியுமா? மஞ்சள் பையில் அம்பாசிடருக்கென்று கொண்டுவந்த பணத்தில் பாதிக்குமேல் மிச்சம். "கடைக்கு விளம்பரமாச்சுல்லா," என்று அவர் அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஜெயபாரதி கைராசியோடு பணத்தை எண்ணிக்கொடுத்தாள்.

"ஆமா, ஸ்டீரிங் என்ன இடப்பக்கம் இருக்கு? தப்பா மாட்டிட்டானா?"

"தொரை ஊர்ல ரோட்டுக்கு வலப்பக்கமா ஓட்டுவாங்க சார், அதுக்குன்னு செஞ்ச வண்டி. அதனால ஒரு விஷயம் சொல்லணும்." மிக்கேல் வலப்பக்கத்துச் சீட்டைத் தட்டிக் காட்டினார். "வலப்பக்கம் திரும்பும்போது ஓட்டறவர் கை எட்டாது. இந்த சீட்ல உக்கார்றவங்கதான் கையை வெளிய நீட்டணும். லைட்டு சிமிட்டும், ஆனா மெட்ராஸ்ல எவன் சார் லைட்டைப் பாக்கறான்? கைதான் கணக்கு. தொரை வண்டியில அந்தம்மாதான் கை காட்டிக்கினு வரும்."

அந்தம்மா! ஜெயபாரதிக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

ஷோரூம் வாசலிலேயே சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கபாலீசுவரர் கோயிலில் ஒரு அர்ச்சனை பண்ணிவிட்டு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சண்முகவேல் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி எல்லாத் திருகையும் திருகிப் பார்த்தான். ஜெயபாரதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி எடுத்துவைத்தாள்.

"மொத சவாரி மூத்தவன்தான் போவணும்," என்று சொல்லிக்கொண்டே வெள்ளைச்சாமி வலப்பக்கத்துச் சீட்டில் இறங்கி அமர்ந்தார்.

நியாயம்தான். அந்த வீட்டில் புது அரிசி வந்தாலும் முதல் கவளம் மூத்தவருக்குத்தான். ஆனாலும் ஜெயபாரதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் வாயால் வாங்கிய கார். தான் எண்ணிய சீட்டு. இன்றைக்கு முதல் சவாரி என்பார், நாளைக்குக் கடைக்கு என்பார், அப்புறம் அந்த இடம் அவருடையதென்றே ஆகிவிடும். சண்முகவேல் ஒருமுறை அவளைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. இந்த மனிதருக்கு வாய் எதற்கு, சோறு தின்ன மட்டுமா என்று மனசுக்குள் வைதுகொண்டே அவள் வேனில் பங்கஜத்தின் பக்கத்தில் ஏறினாள்.

கடை டிரைவர் குப்பன் வேனைக் காருக்குச் சற்றுப் பின்னால் விட்டான். அதனால் எல்டாம்ஸ் ரோட்டில் நடந்த கூத்து முழுவதையும் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது.

வெள்ளைச்சாமி அண்ணாச்சியைத் தெரியாத குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு. கல்யாண ஜவுளி என்றால் அங்கேதான். கூரை மடக்கிய சிவப்புக் காரில் அவர் ராஜா மாதிரி போனால் யார்தான் கூப்பிடமாட்டார்கள்? "அண்ணாச்சி!" என்று ஒரு குரல் வரும். உடனே அவர் வலக்கையை வெளியே நீட்டி ஆட்டுவார். பின்னால் வருகிற பஸ், கார் திரும்பப் போகிறதென்று கிரீச்சென்று நிற்கும். கார் திரும்பாது, நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

"இன்னாம்மா இது!" என்று குப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "பெரியவரு கை காட்டிக்கினே கீறாரு, வண்டி பாட்டுக்கு நேரா போய்க்கினு கீது! பஸ்காரன் திட்டறது கேக்குதா? காதைப் பொத்திக்கோங்க, நல்ல வார்த்தை ஒண்ணுகூட இல்ல."

பங்கஜம் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜெயபாரதிகூட அழுகையை மறந்து எட்டிப் பார்த்தாள்.

லஸ் முனையில் உண்மையிலேயே வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் கை அவசியம். ஆனால் அந்த முனையில்தான் பிள்ளையார் கோயிலும் இருக்கிறது. பிள்ளையாரைக் கண்டதும் அண்ணாச்சி இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கார் திரும்பியது. பின்னால் சைக்கிளில் வாழையிலைக் கட்டோடு வந்தவர், இது நேராகப் போகிற வண்டி என்று நம்பி வந்து, காரின் பின்புறத்தில் மெத்தென்று மோதினார். அடி ஒன்றுமில்லை. இலைக்கட்டு மட்டும் அவிழ்ந்து ரோடு முழுக்கப் பந்தி போட்ட மாதிரி விரிந்துவிட்டது.

போக்குவரத்துக் கான்ஸ்டபிள் விசில் ஊதிக்கொண்டு வந்தார். நிறுத்தச் சொன்னார். வேனும் பின்னால் நின்றது. பெண்கள் இறங்கி ஓடினார்கள்.

"எல்டாம்ஸ் ரோடு முழுக்கக் கை காட்டினீங்களாமே, பஸ் டிரைவர் சொல்றாரு. திரும்பற இடத்துல மட்டும் ஏன் காட்டல?"

"பிள்ளையாரைக் கும்பிட்டேன்யா."

"கும்பிடுங்க, யாரு வேணாம்னா? எறங்கி நின்னு கும்பிடுங்க. இந்த சீட்ல உக்காந்தா கை போக்குவரத்துக்கு. திரும்பறப்ப நீட்டணும், மத்த நேரம் மடியில வெச்சிக்கணும். முடியுமா?"

"ஏன் முடியாது?" வெள்ளைச்சாமி ரோஷத்தோடு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். சண்முகவேல் இலைக்காரருக்கு வேண்டியதைக் கொடுத்து, இலைகளைப் பொறுக்கிக்கொடுத்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினான். கார் நாலு அடி நகர்ந்திருக்காது. எதிர்ப் பூக்கடையிலிருந்து ஒரு அம்மாள், "அண்ணாச்சி, புது வண்டியா?" என்று கூவினாள். மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவையிலிருந்து ஜமுக்காளம்வரை அவரிடம் எடுத்தவள். அவருடைய வலக்கை, அவரைக் கேட்காமலே, வெளியே பறந்தது. கான்ஸ்டபிள் மறுபடியும் விசில் ஊதினார்.

அண்ணாச்சி தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து மெல்ல மேலே எழுந்தார். அவர் முகத்தைப் பார்க்க ஜெயபாரதிக்கே பாவமாக இருந்தது.

"நமக்கு இந்த சீட்டு ஆவாதுல. கூப்பிட்ட ஆளுக்குக் கை காட்டலேன்னா நாளைக்கு அவன் எதுத்த கடைக்குப் போயிருவான். கையக் கட்டிக்கிட்டு வியாபாரம் பாக்க முடியுமா?" சுற்றிலும் பார்த்தார். "குப்பா, நீ ஏறு."

"நான் அதுல ஏறுனா வேனை யாரு ஓட்டறது நைனா? அம்மாங்களா?"

"பங்கஜம்?"

"யாரு, நானா?" பங்கஜம் அந்தத் தாழ்ந்த சீட்டை எட்டிப் பார்த்தாள். "இந்தக் குழிக்குள்ள எறங்குனா என்னைத் தூக்குறதுக்குத் துறைமுகத்துலேர்ந்து கிரேன்தான் வரணும்."

ஜெயபாரதி வாயைத் திறக்கவில்லை. போணி விஷயத்தில் பேசியாயிற்று. இதில் அவள் பேச முடியாது, பேசவும் கூடாது. இதை அவன்தான் சொல்ல வேண்டும். அவள் காரில் உட்கார்ந்திருந்த கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "சரி விடு. வண்டிய இங்கனயே ஓரங்கட்டிரு. கடையிலேர்ந்து கணக்கப்பிள்ளைய வரச்சொல்லி..."

"பாரதி ஏறட்டும் அண்ணாச்சி."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். சண்முகவேலின் காது சிவந்து போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் முன்னால் அவன் மனைவியைப் பேர் சொன்னதில்லை. 'வீட்டுல', 'உள்ள', 'இவ' என்றுதான் சொல்லுவான். இன்றைக்கு லஸ் முனையில், போலீஸ்காரர், இலைக்காரர், பூக்காரம்மா எல்லோரும் கேட்கும்படி, பேரைச் சொல்லிவிட்டான்.

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கான்ஸ்டபிள் முந்திக்கொண்டார். "யாராவது ஏறுங்க சீக்கிரம். ட்ராபிக் ஜாம் ஆவுது."

ஜெயபாரதி ஏறினாள். சீட்டு உண்மையிலேயே குழிதான்; ரோடு பக்கத்திலேயே தெரிந்தது. கோயில்வரை அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளை அந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? கை மடியிலேயே இருந்தது. வடக்கு மாட வீதி வழியாகப் போய்ச் சன்னிதி வாசலில் நிறுத்தினார்கள். அர்ச்சனை ஆயிற்று. பிரசாதம் வாங்கி வெளியே வந்தபோது வெள்ளைச்சாமி தானாகவே வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஏறின கையோடு ஜன்னல்வழியே யாருக்கோ கை ஆட்டினார். வேனில் எந்தப் பக்கம் ஆட்டினாலும் குற்றமில்லை.

"பின்னாலயே வால. சோத்துக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொன்னார்.

தெற்கு மாட வீதியின் முடிவில் மடம் ரோடு குறுக்கே போகிறது. வலப்பக்கம் திரும்பினால் லஸ், அப்படியே தியாகராய நகர், வீடு, சோறு. இடப்பக்கம் திரும்பினால் மந்தைவெளி, அடையாறு, அதையும் தாண்டினால் எலியட்ஸ் பீச். முன்னால் போன வேன் வலப்பக்கம் திரும்பியது. பின்கண்ணாடி வழியாகப் பங்கஜத்தின் முகம் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது.

சண்முகவேல் முனையில் வண்டியை நிறுத்தினான். "ம், கை காட்டு."

ஜெயபாரதி மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டாள். நேராக ரோட்டையே பார்த்தாள்.

"பாரதி, கை."

"காட்டமாட்டேன்."

"ஏன், என்னாச்சு?"

அவள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நடத்துநர் தலையை நீட்டி, "இன்னாப்பா, போறியா, பொழுதுக்கும் குந்திக்கினு இருக்கியா?" என்று கத்தினார். சண்முகவேல் வேன் போன திசையைப் பார்த்தான். அது மறைந்துவிட்டது. மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கு அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, படிக்கத் தெரிந்தது போலும். காது மறுபடி சிவந்தது. தன்னுடைய இடது கையை, தோள்வரைக்கும் தெரியும்படி, வெளியே நீட்டினான்.

கார் இடப்பக்கம் திரும்பியது. மந்தைவெளி பின்னால் போயிற்று. அடையாற்றுப் பாலத்தில் ஏறியதும் கடல்காற்று அவள் கொண்டையைக் கலைத்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

"அண்ணாச்சி சோத்தைப் போட்டுட்டுக் காத்துக்கிட்டிருப்பாரு," என்றான் சண்முகவேல். ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை.

"சாப்பிடட்டும்."

"திரும்பி வரும்போது எங்கயாச்சும் வலப்பக்கம் திரும்பித்தான ஆவணும். அப்பவாச்சும் கை காட்டுவியா?"

"அதை அப்பப் பாப்போம்," என்றாள் ஜெயபாரதி.